ஆனாலுக்குப் பிறகு ஒரு வினைச்சொல்

மிச்சிகோ சான் சென்னையில் கேட்ட முதல் தமிழ்ச்சொல் ‘குந்து’. எங்களை அடையாறுக்கு ஏற்றிப் போக வந்த ஆட்டோக்காரர் பெட்டிகளை அடுக்கிவிட்டு, பின்சீட்டை ஒரு தட்டுத் தட்டி, “குந்தும்மா, குந்து” என்றார். மிச்சிகோ சான் என்னைப் பார்த்தார். உட்காரச் சொல்கிறார் என்றேன். உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் ‘குந்து, குந்து’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் கரூர்க்காரி. கல்யாணமாகி ஜப்பானுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. ஷிகோகு தீவில் கடலோரச் சிறு நகரம் ஒன்று. கணவருக்கு அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வேலை. தமிழ்த் தொழிலாளர்கள் யாராவது காய்ச்சல், முதுகுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். டாக்டர் சொல்வதை அவர்களுக்கும், அவர்கள் சொல்வதை டாக்டருக்கும் மாற்றிச் சொல்வேன். மிச்சிகோ சான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ‘சான்’ என்பது மரியாதைக்குச் சேர்ப்பது, நம்முடைய ‘ங்க’ மாதிரி. அவர் கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் கெந்தா. அவன் சென்னையில், பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

இந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் மிச்சிகோ சான் ஒரு கூடை ஆரஞ்சோடு எங்கள் வாசலில் நின்றார். கெந்தா போன் செய்தானாம். கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறானாம், பெண் வீட்டில் அம்மாவைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். எனக்காகப் பேச நீ கூட வருவாயா என்று கேட்டார். என்ன பேசணும் என்றேன். “போய்த்தான் பார்க்கணும்” என்றார். சந்தோஷமா, வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஊரில் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

எனக்கும் சென்னை வெளியூர்தான். கரூரில் இருந்தவரை இரண்டு கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன், அவ்வளவே. இரண்டு வெளியூர்க்காரிகள் சேர்ந்து அடையாறில் ஒரு விருந்தினர் இல்லத்தில் பெட்டியை இறக்கினோம்.

முதல்நாள் மத்தியானம் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டோம். சாம்பார், ரசம் வரைக்கும் மிச்சிகோ சான் பயமில்லாமல் வந்தார். தயிர்சாதத்தில் நின்றுவிட்டார். சோற்றில் புளித்த பாலைக் கலந்து, அதில் கறுப்பாக எதையோ தூவி, குளிரக் குளிர வைத்திருக்கிறார்களே என்று தயங்கினார். பரிமாறியவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாப்பிட்டுப் பாருங்கோ மாமி, வயத்துக்கு நன்னாருக்கும்” என்றார். நான் அதை ஜப்பானிய மொழியில் சொன்னேன். சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. நாம் ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். சாப்பாட்டை யாரும் கண்ணால் பார்க்கச் சொல்லவில்லை. முயன்று பார் என்று பொருள். ஜப்பானியரும் அதையே சொல்கிறார்கள்: ‘தபெதே மிரு’. ‘தபெதே’ என்றால் சாப்பிட்டு, ‘மிரு’ என்றால் பார்.

இதை அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. அடுத்தநாள் கெந்தா வந்தான். மூவரும் தி. நகர் போனோம். துணிக்கடையில் ஒரு பெண் மிச்சிகோ சானின் தோளில் பச்சைப் புடவை ஒன்றைப் போட்டு, “கட்டிப் பாருங்கம்மா, உங்க கலருக்கு எடுக்கும்” என்றார். செருப்புக் கடையில் ‘போட்டுப் பாருங்க’. பழ வண்டிக்காரர் ‘மோந்து பாரு’. ஒவ்வொரு தடவையும் மிச்சிகோ சான் என் முழங்கையைத் தொட்டு, “இப்போ ‘பாரு’ வந்தது, இல்லையா?” என்றார். தெரிந்த முகத்தை வெளியூர்ச் சந்தையில் கண்டதுபோல அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்கு நான் கவனித்த இன்னொரு விஷயம், அம்மாவும் மகனும் எவ்வளவு குறைவாகப் பேசினார்கள் என்பது. கெந்தாவுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். ஒல்லி, உயரம், கண்ணாடி. அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டால் ‘ம்’ என்பான். வேலை எப்படி என்றால், “பரவாயில்லை, கொஞ்சம்…” என்று நிறுத்துவான். கொஞ்சம் என்ன என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வாக்கியங்களைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

திரும்பும்போது தப்பான பஸ்ஸில் ஏறினோம். ஏற்றிவிட்டது நான்தான், போர்டைப் படித்தது சரி, நின்ற பக்கம் தப்பு. கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. பாலம் தாண்டி இறங்கி, எதிர்ப்பக்கம் போய் ஏறச் சொல்லி, ஒரு பயணியை எழுப்பி மிச்சிகோ சானுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். பஸ் பாலத்துக்கு முன்னாலேயே நெரிசலில் நின்றுபோனது. பக்கத்து சீட்டுப் பெண் போனில் யாரிடமோ, “வந்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கேன்” என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று மிச்சிகோ சான் கேட்க, நான் சொல்லுக்குச் சொல் மாற்றி, ‘கிதே இரு’ என்றேன். வந்து, இரு. அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “யார் வந்திருக்கிறார்கள்?” என்றார். ஜப்பானிய மொழியில் அப்படிச் சொன்னால் வந்தாயிற்று, இங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தம். நம் ஊரில் அதையே சொல்லிவிட்டு ஒருவர் இன்னும் குளித்துக்கொண்டுகூட இருக்கலாம். கெந்தா சிரித்தான். நான் முதலில் கண்ட அவன் சிரிப்பு அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாந்தோமில் பெண் வீட்டுக்குப் போனோம்.

மாதா கோவிலுக்குப் பின்னால், கடல் சத்தம் கேட்கிற சந்தில் மாடி வீடு. பெண்ணின் அப்பா ஆரோக்கியராஜ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அம்மா பிலோமினா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். பெண் ஜெசிந்தா, கெந்தாவின் ஆபீஸிலேயே வேலை. பூசை முடிந்து வந்த உடையோடு மூவரும் வாசலில் நின்றார்கள். இந்தக் குடும்பம் அந்தக் கோவில் பங்கில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறதாம். சந்தில் கடந்துபோன பாதிப் பேர் ‘வாங்க வாத்தியாரே’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

செருப்பை வாசலில் கழற்றியதும் மிச்சிகோ சானுக்குப் பாதி பயம் போய்விட்டது. வஞ்சிர மீன் குழம்பு வந்தபோது மீதியும் போனது. அவர் கையால் முள்ளைப் பிரித்த லாவகத்தைப் பார்த்துவிட்டு பிலோமினா அக்கா, “மீன் சாப்பிடத் தெரிஞ்சவங்க” என்றார் என்னிடம். அதை மாற்றிச் சொன்னேன். எங்கள் ஊரும் கடல்தான் என்று மிச்சிகோ சான் சொன்னார். அதன்பிறகு இரண்டு அம்மாக்களும் எந்த மீனுக்கு எந்த மாசம் ருசி என்று என் வழியாக வெகுநேரம் பேசினார்கள். இவ்வளவு சுலபமான மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றுவதென்றால் வாக்கியத்தைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் யார், எங்கே, எதை என்று ஒரே வரிசையில் நடந்து வந்து, இரண்டும் கடைசியில் வினையில் உட்காரும். பேசுபவர் பின்னாலேயே நானும் நடந்தால் போதும்.

சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்ததும் ஆரோக்கியராஜ் சார் தொண்டையைச் செருமினார். பொண்ணைக் கொடுக்க எங்களுக்குச் சம்மதம், நாங்கள் மனசாரச் சொல்லிவிட்டோம், அம்மா என்ன நினைக்கிறார்கள் என்று அவர்கள் வாயால் கேட்க வேண்டும் என்றார். ‘கொடுக்க’ என்பதில் நான் சற்றுத் தடுமாறினேன். ஜப்பானிய மொழியில் கொடுப்பதற்கு இரண்டு வினை உண்டு. நான் பிறருக்குக் கொடுப்பது ஒன்று, எனக்குப் பிறர் தருவது வேறொன்று. பழந்தமிழிலும் ‘தா’வும் ‘கொடு’வும் அப்படிப் பிரிந்திருந்ததாகப் படித்த ஞாபகம், மலையாளத்தில் இன்னும் பிரிந்துதான் இருக்கின்றன. சாதாரணமாக ‘கொடுக்கிறோம்’ என்று மாற்றினால் பொருளைத் தூக்கிக் கொடுப்பதுபோல இருக்கும். அதனால், ‘எங்கள் மகள் உங்கள் வீட்டுக்கு வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சி’ என்று சொன்னேன்.

மிச்சிகோ சான் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். நான் பின்னாலேயே நடந்தேன்.

“கெந்தாவை ஊருக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னு நினைச்சிட்டிருந்தேன். ஆனா…”

நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தினேன்.

ஜப்பானில் இந்த ‘ஆனா’ வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதற்குப் பின் ஒன்றும் சொல்லாமலே விட்டுவிடலாம். மரியாதையான பேச்சு என்றே அதற்குப் பெயர். கேட்பவர் மீதியைப் பூர்த்தி செய்துகொள்வார். தமிழில் ஒருவர் ‘ஆனா’ என்று நிறுத்தினால் எதிரே இருப்பவர் கெட்ட சேதிக்குத் தயாராகிவிடுவார். போதாக்குறைக்கு அந்த ‘நினைச்சிட்டிருந்தேன்’. அன்றைக்கு நினைத்தார், இன்றைக்கு மனசு மாறிவிட்டது என்றும் கொள்ளலாம். இன்னமும் அதே நினைப்புதான், நேரடியாகச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்றும் கொள்ளலாம். இரண்டு மொழியிலும் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இவ்வளவு கச்சிதமாக ஒரு சந்தேகத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சேர்த்தது எனக்கே பயமாக இருந்தது. எந்த அர்த்தம் என்று அவரிடம் கேட்கலாம். ஆனால் அத்தனை பேர் நடுவில் ஒரு தாயிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆரோக்கியராஜ் சார் காத்திருந்தார். கெந்தா ‘அம்மா’ என்று தன் மொழியில் ஆரம்பித்து, அவனும் நிறுத்தினான்.

“புரியுதும்மா” என்றார் ஆரோக்கியராஜ் சார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவினார். ஜெசிந்தா காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.



திங்கட்கிழமை கெந்தா லீவு போட்டிருந்தான். அம்மா அவன் இருக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அடையாறிலிருந்து மூவரும் ஆட்டோவில் பெருங்குடிக்குக் கிளம்பினோம். கெந்தா முன்னால் டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்தான். மெட்ரோ வேலைக்காகச் சாலையில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் ஆட்டோ ஒதுங்கப் போய், இடது சக்கரம் தண்ணீர் நின்ற பள்ளத்தில் இறங்கி, வண்டி சாய்ந்தது. மிச்சிகோ சானின் முழங்கால் கம்பியில் இடித்தது. பெரிய அடியில்லை, ஆனால் ‘ஆ’ என்று சத்தமாகவே கத்திவிட்டார்.

கெந்தா குதித்து இறங்கினான். “இன்னா நைனா, பாத்து ஓட்ட மாட்டியா? அம்மா கீறாங்கல்ல உள்ள?”

ஆட்டோக்காரர் ஒரு நொடி திகைத்துப்போய் அவனைப் பார்த்தார். பிறகு அவரும் குரலை உயர்த்தினார். “நான் இன்னா பண்றது? நேத்து வரைக்கும் ரோடா கீது, இன்னிக்கு வந்து பாத்தா குழியா கீது!”

அப்புறம் இருவரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. கெந்தா திரும்பி, இரு இரு என்று அவர்களையும் அதட்டினான். தள்ளு, தள்ளிக்கினே இரு என்று ஆட்டோக்காரர் கத்த, “தள்ளிக்கினுதான் கீறேன்” என்று இவன் பதிலுக்குக் கத்தினான். கண்ணாடி மூக்கில் சரிந்து, சட்டை முழுக்கச் சேறு. வண்டி மேலேறியதும் ஆட்டோக்காரர் மூச்சு வாங்கியபடி, “ஆமா, எந்த ஊரு நைனா நீ?” என்று கேட்டார். கெந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பெருங்குடி” என்றான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நானும் மிச்சிகோ சானும் சாலையோரத்தில் ஒரு பஸ் நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இளநீர்க் கடைக்காரம்மா கேட்காமலே இரண்டு சீவிக் கொடுத்தார். அவன் என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று மிச்சிகோ சான் ஒவ்வொரு வரியாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ‘தள்ளிக்கினுதான் கீறேன்’ என்பதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் இளநீரை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். கால் வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையாட்டினார்.

அப்போதுதான் சொன்னார். கெந்தா படித்து முடித்துப் பெரிய நகரத்தில் ஒரு வேலையில் சேர்ந்தான். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை அவருக்கு முழுதாகத் தெரியாது. ஒருநாள் வீட்டுக்குத் திரும்பி வந்தவன், மாடியில் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு வருஷத்துக்கு மேல். எங்கள் பக்கத்து வீடு. எனக்குத் தெரியாது, மகன் வெளியூரில் இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று வேளையும் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு இறங்கிவிடுவாராம். அந்தச் சமயத்தில்தான் கணவர் இறந்தார். இறுதிச் சடங்குக்குக்கூட கெந்தா இறங்கி வரவில்லை. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தான், கம்ப்யூட்டர் வேலை கற்றான், இந்தியாவுக்குப் போகிறேன் என்றான். போகாதே என்று சொல்ல அவருக்கு தைரியம் வரவில்லை. இங்கே அவன் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டால் தட்டு வைக்க யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் எப்படி அவனை ஒப்படைப்பது? சொன்னால் அவன் வாழ்க்கை என்ன ஆகும்? பேசாமல் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் விமானம் ஏறினாராம்.

“நேத்து ‘ஆனா’ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் என்ன சொல்லணும்னு எனக்கே தெரியலை” என்றார். கொஞ்சநேரம் சாலையைப் பார்த்தார். அங்கே கெந்தா ஆட்டோக்காரரோடு சேர்ந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். “அவன் யாரையும் இப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை, செல்வி சான். சின்னப் பையனா இருந்தப்போகூட.”

பெருங்குடி வீட்டில் பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஓர் அறை, ஒரு சமையல் மேடை, பால்கனியில் துளசித் தொட்டி. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தண்ணி லாரி சாயங்காலம் வருது கெந்தா, மறந்துடாத என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்சிகோ சான் அறையின் கதவுக்குப் பக்கத்தில் நின்று, அதை மெல்ல ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். அன்று மாலை அவர்கள் இருவரும் தனியாகப் பால்கனியில் பேசினார்கள். நான் உள்ளேயே இருந்தேன். உள்ளே வந்ததும் மிச்சிகோ சான், நாளை மறுபடி சாந்தோம் போக வேண்டும், நீயே போன் செய்து கேள் என்றார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்களுக்கு விமானம். சாந்தோமுக்குக் காலையிலேயே போய்விட்டோம். ஆரோக்கியராஜ் சார் வாங்க என்றார். முகம் கொடுத்துப் பேசவில்லை. பிலோமினா அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். ஜெசிந்தா ஆபீஸுக்குப் போகாமல் சுவரோரமாக நின்றாள். கெந்தா அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

மிச்சிகோ சான் சுற்றி வளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதியில் நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாக்கியத்தை நான் மாற்றினேன். “என் மகன் ரெண்டு வருஷத்துக்கு மேல ரூம் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளயே இருந்தான். யாரையும் பாக்கலை. அப்பா செத்தப்பக்கூட வெளிய வரலை. அதை உங்ககிட்ட சொல்லாம இருக்கக்கூடாது.”

ஆரோக்கியராஜ் சார் நெற்றியைச் சுருக்கி கெந்தாவைப் பார்த்தார். “பூட்டிக்கிட்டா? நீங்க பூட்டினேன்னுதானே சொன்னீங்க?”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஜெசிந்தா இல்லாத நேரத்தில், கெந்தா தனியாக இந்த வீட்டுக்கு வந்திருக்கிறான். கல்யாணம் பேசும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று, அப்போதைய புத்தகத் தமிழில் ஒப்பித்துப் பழகி வந்து சொல்லியிருக்கிறான்: வேலையை விட்டேன், கதவைப் பூட்டினேன், ரெண்டு வருஷம், பிறகு கதவைத் திறந்தேன், இந்தியா வந்தேன்.

“வீட்டைப் பூட்டிட்டு ஊர் சுத்தப் போயிருந்தார்னு நினைச்சேன்” என்றார் ஆரோக்கியராஜ் சார். “வயசுப் பையன், சுத்தட்டும்னு விட்டுட்டேன். எல்லாம் நல்லா பாத்தீங்களான்னுகூடக் கேட்டேன்.”

“ஒண்ணும் பாக்கலைன்னு சொன்னேன்” என்றான் கெந்தா.

“அடக்கமான பையன்னு நினைச்சுட்டேன்.”

தமிழில் ஒரு சின்ன ‘கொள்’ இருக்கிறது. வினையோடு ஒட்டிக்கொண்டு, செயலைச் செய்தவர் பக்கமே திருப்பிவிடும். பூட்டினேன் என்றால் கதவுக்கு இந்தப் பக்கம் சாவியோடு நிற்கிறேன். பூட்டிக்கொண்டேன் என்றால் உள்ளே இருக்கிறேன். கெந்தாவின் மொழியில் இதற்கென்று ஒட்டு கிடையாது. உள்ளே அடைந்துகிடப்பதற்குத் தனி வினையே உண்டு. பாவம், அதை இரண்டாகப் பிரித்து, கதவையும் பூட்டையும் சரியாகக் கொண்டுவந்துவிட்டான். தன்னை மட்டும் வெளியே நிற்க வைத்துவிட்டான்.

சுவரோரமாக நின்ற ஜெசிந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எனக்கு முதல்லயே தெரியும்பா. இங்கிலீஷ்ல சொல்லிட்டாரு. உங்ககிட்டயும் சொல்லிட்டேன்னாரு. நீங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையேன்னு நான் எவ்ளோ பெருமைப்பட்டேன் தெரியுமா?”

ஆரோக்கியராஜ் சார் வாங்காத பட்டத்துக்கு மாலை போட்டுவிட்டதுபோல நெளிந்தார். பிலோமினா அக்காதான் மிச்சிகோ சான் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சாப்பாடு எப்படிக் கொடுத்தீங்க என்று கேட்டார். வெளியே தட்டு வைப்பேன் என்றார் இவர். தட்டு காலியாக வந்ததா? வந்தது. கழுவியா, அப்படியேவா? சில நாள் கழுவியே வைத்திருப்பான் என்றார் மிச்சிகோ சான். பிலோமினா அக்கா நர்ஸ் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினார்.

“இதைக் கொஞ்சம் சரியா சொல்லிடும்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பேசினார். “எங்க வீட்ல யாராவது கதவைப் பூட்டிக்கிட்டா நாங்க தட்டை வெளிய வச்சுட்டுப் போக மாட்டோம். தட்டுவோம். மறுபடி தட்டுவோம். வாத்தியார் வெளிய உக்காந்து கணக்கு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நிம்மதியா இருக்க விட மாட்டோம். அது அவங்களுக்குச் சம்மதமான்னு கேளும்மா.”

சொன்னேன். மிச்சிகோ சான் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டும்.

ஆரோக்கியராஜ் சார் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை கெந்தாவுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார். “மறுபடி பூட்டிக்கணும்னு தோணுதா?”

நான் மாற்றிச் சொல்ல வாய் திறந்தேன். கெந்தா கையைக் காட்டி நிறுத்தினான். “எப்பயாவது தோணும் சார். வேலை ஜாஸ்தியானா தோணும். தோணுச்சுன்னா சொல்லிடறேன்.”

ஆரோக்கியராஜ் சார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். “மாமான்னு கூப்பிடுங்க. சார்னா கிளாஸ்ல இருக்கிற மாதிரி இருக்கு” என்றார். பிறகு என்னிடம், அம்மா அன்றைக்கு நிறுத்தினார்களே, அந்த ‘ஆனா’வுக்கு மிச்சம் என்ன என்று கேட்கச் சொன்னார்.

மிச்சிகோ சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கூட்டிட்டுப் போயிடலாம்னு நினைச்சிட்டிருந்தேன். ஆனா, நேத்து நடுரோட்டுல என் மகன் சண்டை போட்டான். அதைக் கேட்டுட்டேன். கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

வினை, அதற்கப்புறம் எதிர்மறை, அதற்கப்புறம் முற்றுப்புள்ளி. மூன்றும் இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

மத்தியானம் மறுபடி மீன்தான். சாயங்காலம் கார் வந்தது. விமான நிலையத்துக்கு வர வேண்டாம் என்று கெந்தாவிடம் மிச்சிகோ சான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே கூட்டத்தில் நின்று அழ அவருக்கு இஷ்டமில்லை. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். நானும் அவரும் செருப்பு மாட்டிக்கொண்டோம்.

விருந்துக்குப் போன வீட்டிலிருந்து கிளம்பும்போது ஜப்பானியர்கள் சொல்வதற்கு ஒரு வார்த்தை உண்டு. ‘உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டேன்’ என்று பொருள். அதை எப்படி நயமாகத் தமிழில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். மிச்சிகோ சான் திரும்பி, இடுப்பு வரை குனிந்து, “இத்தே கிமாஸ்” என்றார்.

சொல்லுக்குச் சொல் அது ‘போய் வருகிறேன்’. நாம் யார் வீட்டிலிருந்தும் அப்படித்தான் கிளம்புவோம். அங்கே அதைச் சொந்த வீட்டு வாசலில் மட்டும்தான் சொல்வார்கள்.

“போய்ட்டு வரேங்கிறாங்க” என்றேன். வேறென்ன சொல்ல?

“போய்ட்டு வாங்க, பத்திரம்” என்றார் பிலோமினா அக்கா, எல்லோரிடமும் சொல்வதுபோல.

கெந்தா வாசற்படிக்கு உள்ளே ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அந்தச் சொல்லுக்கு வீட்டில் இருப்பவர்கள் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் அவன் கிளம்பிய காலையெல்லாம் அம்மா படியில் நின்று சொன்ன பதில். அவன் கண்ணாடியைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான். குரல் தெளிவாகத்தான் வந்தது.

“இத்தே ராஷ்ஷாய், அம்மா” என்றான். போய்ட்டு வா.